ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி

மன்னார்குடியில் சின்னதாக ஒரு டிடிபி கடை, அதாவது கணினியில் தமிழ் அடித்துக் கொடுக்கிற கடை, வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். அவனுடைய அப்பா அம்மாவுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள் வருகிறதாம். "பத்திரிகை உங்க கடையிலதான் அடிச்சாங்களாம். வீட்டுல ஒண்ணுகூட இல்லக்கா, ஸ்டேட்டஸ்ல போடணும்" என்றான்.

பழைய மேட்டர் எதையும் நான் தூக்கிப் போட்டதில்லை. ஃப்ளாப்பியிலிருந்து சிடி, சிடியிலிருந்து ஹார்ட் டிஸ்க் என்று மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். 2000-ஆம் வருட ஃபோல்டரில் அவன் அப்பா பெயரிலேயே இருந்தது. புதுக் கணினியில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. "வைரஸா அக்கா?" என்றான்.

வைரஸ் இல்லை, பாமினி என்கிற பழைய எழுத்துரு. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் ஒருவகையில் வேஷம்தான். ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்திருப்பார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். 'தமிழ்' என்று அடித்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். இதிலும் ஆளுக்கொரு வேஷம். ஒரு கடையில் அடித்தது இன்னொரு கடையில் திறக்காது. இதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடத்தி, பொதுவான விசைப்பலகையும் குறியீடும் கொண்டுவந்தார்கள். நல்ல விசைப்பலகைதான். ஆனால் நான் மாறவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாதம் 'யளனக' என்று பழைய விசை வரிசையில் அடித்துப் பழகிய விரல் சொன்ன பேச்சைக் கேட்குமா?

பாமினியை இறக்கிப் போட்டால் ஒரு நிமிட வேலை. ஆனாலும் பையனிடம் கொஞ்சம் பந்தா காட்டலாம் என்று தோன்றியது. அந்தக் குப்பையைக் கண்ணால் படிக்க எனக்கும் வராது. விசைப்பலகையில் கை வைத்து, திரையில் இருக்கிற ஆங்கில எழுத்துகளை அழுத்தாமல் தொட்டுக்கொண்டே போனேன். ஜே என்றால் வலது ஆள்காட்டி விரல், அது 'த'. கே நடுவிரல், 'ம'. 'தமிழ்' என்ற சொல் முழுக்க வலது கையிலேயே முடிந்துவிடும், இடது கைக்கு வேலையே கிடையாது. இப்படியே "நிகழும் மங்களகரமான" என்று விரல் படிக்க, வாய் சொல்லிக்கொண்டே வந்தது. பையன் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம் ஒழுங்காக எழுத்துருமாற்றியில் போட்டு, எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். 2010-இல் அரசாங்கமே யூனிகோடுக்கு மாறியபோது, இனி நம் பிழைப்பு போச்சு என்று பயந்தேன். பயந்ததில் பாதி நடந்தது. மனு அடிக்க, கடிதம் அடிக்க இப்போது யாரும் வருவதில்லை. போனில் பேசினாலே எழுத்தாக விழுகிறது, என் அம்மாகூட அப்படித்தான் அனுப்புகிறாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு காலத்தில் இந்த ஊரில் யார் யார் மேல் புகார் மனு போடுகிறார்கள் என்று எனக்குத்தான் முதலில் தெரியும். அது போனதில்தான் கொஞ்சம் வருத்தம்.

போனதில் பெரியது புரூஃப். முன்பு பத்திரிகை என்றால் வீட்டுப் பெரியவர்கள் நாலு பேர் கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவோடு ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பார்கள். சித்தப்பா பெயர் மாமா பெயருக்குக் கீழே போனதற்குச் சண்டையே நடக்கும். இப்போது வாட்ஸப்பில் அனுப்பினால் அரை நிமிடத்தில் கட்டைவிரல் வருகிறது. அந்த அரை நிமிடத்தில் படித்திருக்க முடியாது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அச்சடித்த பிறகுதான் போன் வரும்.

யூனிகோடிலும் வில்லங்கம் உண்டு. 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக அடிக்கலாம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே குறியீடு வேறு. ஒன்றை வைத்துத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம். அன்றைக்கு ஒரு ஸ்ரீரங்கத்தைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒருவழியாகப் பழைய பத்திரிகை மாதிரியே மஞ்சள் பின்னணியில், மேலே பிள்ளையாரோடு செய்து அனுப்பினேன். அங்கேயே நின்று குடும்பக் குழுவில் போட்டான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவன் பெரியப்பாவிடமிருந்து குரல் செய்தி. ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான்.

"இப்பவாவது என் பேருக்குப் பின்னாடி பி.ஏ. போடச் சொல்லுடா. அன்னிக்கே நான் புரூஃப்ல எழுதிக் குடுத்தேன்."

போட்டுக் கொடுத்தேன். அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.