பூவரசங்கட்டையில் ஒரு சுக்கான் கை

விசைப்படகுகளின் 61 நாள் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கச்சான் காற்று நல்ல வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தேவிபட்டினத்துக்குக் கிழக்கே, மூன்று பாகம், அதாவது ஏறக்குறைய பதினெட்டடி ஆழத் தண்ணீரில், வத்தை என்னும் எங்கள் பாய்மரப் படகைத் திருப்பலாம் என்று சுக்கான் கையைத் தள்ளினேன். கை வந்தது, சுக்கான் வரவில்லை. சுக்கான் தலைத் துளைக்குள் இருந்த முனை முறிந்து, ஐந்தடிக் கட்டை என் மடியில் கிடந்தது.

சுக்கானைத் திருப்பும் கட்டையை எங்கள் வீட்டில் 'கை' என்றுதான் சொல்வோம். அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். நான் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். வத்தை அப்பாவுடையது. முழங்கால் விட்டுப்போனதால் அவர் ஏறுவதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுப்பேன். பாயை மட்டும் நம்பி ஓடும் வத்தை எங்கள் கரையில் குறைந்துவிட்டது. தொண்டிப் பக்கத்து ஊர்களில் பாய்மரப் போட்டி வைக்கும்போதுதான் நாலைந்தைச் சேர்த்துப் பார்க்க முடிகிறது.

எங்கள் கரை கிழக்கே பார்த்தது. கச்சான் தரையிலிருந்து கடலுக்குள் வீசும் காற்று. அதனால் கரையோரத் தண்ணீர் ஊருணி மாதிரி அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்து இறங்குகிறவனுக்கு உள்ளே போகப் போகத்தான் காற்றின் கனம் தெரியும். சுக்கான் போன படகை அது இலங்கை எல்லைக்கோட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். உடனே பாயை இறக்கி நங்கூரத்தைப் போட்டேன். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், கையில் இருந்த கயிறே தாராளமாகப் போதும். அரை மணி நேரத்தில் திருப்பாலைக்குடி வள்ளம் ஒன்று வந்து கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. அந்த அண்ணன் டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

கரையில் வந்து முறிந்த முனையைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. நாம் பிடிக்கிற இடம் அத்தனை வருஷத்துக்குப் பிறகும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக, கெட்டியாக இருந்தது. கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாத இடம். சுக்கான் தலைத் துளைக்குள் உப்புத் தண்ணீர் தங்கித் தங்கி மரம் ஊறியிருந்தது. போல்ட் போன ஓட்டையைச் சுற்றி மை கொட்டினாற்போல் கருப்பு வளையம், விரல் நகத்தால் கீறினால் பஞ்சாக வந்தது. பழைய கை நாட்டுக் கருவேலம். துவர்ப்பு அதிகமுள்ள மரத்தில் இரும்பு போல்ட் போட்டால் ஈரத்தில் இரண்டும் சேர்ந்து இப்படித்தான் கருத்துப்போகும், துரு மரத்தையும் தின்னும். நான்கு வருஷத்துக்கு முன் அவசரத்தில் அந்த போல்ட்டைப் போட்டவன் நான்தான்.

கை கொஞ்சம் ஆடுகிறது என்பது எனக்கு ஒரு வருஷமாகவே தெரியும். கொஞ்சம்தானே என்று விட்டிருந்தேன். துளையின் நீளம் 10 சென்டிமீட்டர், கையின் நீளம் ஒன்றரை மீட்டர். துளைக்குள் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், பிடிக்கிற முனையில் அது நாலரை சென்டிமீட்டர் ஆட்டம். அவ்வளவு தூரம் நான் கையை நகர்த்தினாலும் சுக்கானுக்கு ஒரு சேதியும் போவதில்லை, அங்கிருந்து எனக்கும் ஒன்றும் வருவதில்லை. ஒவ்வொரு அலைக்கும் உள்ளே மரம் மோதி மோதி இடைவெளி இன்னும் பெரிதாகும். உங்கள் படகில் இப்படி ஆடினால் அடுத்த சீசன் வரட்டும் என்று இருக்காதீர்கள். ஒரு தரம் கழற்றி உள்ளே பாருங்கள்.

அடுத்த இரண்டு வாரம் ஜி.ஐ. பைப் ஒன்றை வைத்து ஓட்டினேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், செலவும் குறைவு. எனக்கு ஒத்துவரவில்லை. வெயிலில் கை வைக்க முடியாத சூடு, ஈரக் கையில் வழுக்கல். அதைவிட மோசம், இரும்பு முனை சுக்கான் தலையின் மரத்தை அரைக்கத் தொடங்கிவிட்டது. கை தேய்ந்தால் ஒரு கட்டையோடு போகும். சுக்கான் தலை தேய்ந்தால் சுக்கானையே புதிதாகச் செய்ய வேண்டும்.

கீழக்கரையில் ஒரு வயதான ஓடாவி, படகு கட்டும் தச்சர், இருக்கிறார், அப்பாவுக்குப் பழக்கம். எங்கள் கொல்லையில் காற்றில் விழுந்து, இரண்டு வருஷமாக நிழலில் காய்ந்துகொண்டிருந்த பூவரசங்கிளையையும் கழற்றிய சுக்கானையும் ஒரு நண்பனின் டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு போனேன். நேரான பலகையை வாங்கி வளைவாக அறுத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன்.

"அறுக்கலாம் மருமகனே. வளைவுல நார் வெட்டுப்பட்டுப் போகும், அங்கனதான் முறியும். தானா வளைஞ்ச கட்டைக்கு நாரும் சேர்ந்தே வளைஞ்சிருக்கும். வங்குக்கு ஏன் கோணக் கிளையாப் பொறுக்குறோம்?" வங்கு என்பது படகின் விலாக் கட்டை.

வெளிப்புற வெளுப்பை முழுக்கச் செதுக்கித் தள்ளி, நடுவிலுள்ள கெட்டி மரமான வைரத்தை மட்டும் எடுத்தார். உளி பட்டதும் உள்ளே கருஞ்சிவப்பு. முனையைச் சதுரமாக, உள்ளே போகப் போக ஒரு நூல் சிறுத்துப் போகும்படி சீவினார். நாலு பக்கமும் சாக்பீஸ் தூள் தடவித் துளைக்குள் செருகுவார், வெளியே எடுப்பார், தூள் அழிந்த இடத்தை மட்டும் இரண்டு இழை சீவுவார், மறுபடி செருகுவார். பதினேழு தடவை எண்ணினேன். கடைசித் தடவை கையால் தள்ளியபோது முக்கால்வாசி போய் நின்றது, மரச் சுத்தியால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். பிடித்து உலுக்கினால் சுக்கானும் கையும் ஒரே மரம் மாதிரி சேர்ந்து அசைந்தன. அந்தப் பொறுமையைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தரம் கீழக்கரைக்குப் போகலாம்.

போல்ட் இந்தத் தடவை 316 ரக எவர்சில்வர். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304, உப்புத் தண்ணீருக்கு அது தாங்காது, கேட்டு வாங்க வேண்டும். துளைக்குள்ளும் முனையிலும் ஆளிவிதை எண்ணெயை மூன்று நாள் ஊறவிட்டேன். நடுப்பகுதிக்கு வார்னிஷ். பிடிக்கிற இரண்டு அடிக்கு எண்ணெய் மட்டும், ஏனென்றால் வார்னிஷ் நனைந்தால் வழுக்கும்.

முதல் ஓட்டத்திலேயே ஒன்று பிடிபட்டது. வத்தை விடாமல் காற்றைப் பார்த்துத் திரும்பப் பார்க்கிறது. நேராக ஓட்ட வேண்டுமென்றால் கையைக் காற்று வரும் பக்கமாக இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டியிருந்தது. இது புதிய கையின் குற்றமில்லை. பழைய கையின் ஆட்டத்தில் இது எனக்குத் தெரியாமலே போயிருந்தது, தோள் வலியைக் கச்சான் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். படகின் முன்பக்கமான அணியத்தில் மூன்று மணல் மூட்டை கிடந்தது. மூக்கு தாழ்ந்த படகு காற்றுப் பக்கம் திரும்பத்தான் பார்க்கும். இரண்டு மூட்டையைப் பின்னால் நகர்த்தினேன். அதற்குப் பிறகு இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது. சுக்கானடியில் தண்ணீர் ஓடுகிற மெல்லிய நடுக்கம் உள்ளங்கையில் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பாவை மெதுவாகக் கைபிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனேன். வத்தை மணலில் ஏறிக் கிடந்தது. உள்ளே தூக்கி உட்கார வைத்தேன். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம்.

"ஓடாவி நல்லாத்தான் செஞ்சிருக்காக. ரெண்டு விரக்கடை நீளம்ப்பா. நெஞ்சுல இடிக்குது."

எனக்கு இடிக்கவில்லை. இருந்தாலும் அவர் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். வீட்டுக்கு வந்து ரம்பத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், விடிந்ததும் அறுக்க வேண்டும்.