ஒரே விலையில் இரண்டு திங்க்பேட்

அக்கா மகள் முதுகலைப் புள்ளியியல் சேர்ந்திருக்கிறாள். பைத்தான், ஆர் (R) என்ற நிரல்மொழிகள் ஓட வேண்டும், கூடவே பிரௌசரில் ஏகப்பட்ட டேப் திறந்தே கிடக்கும். கையில் இருந்த பணத்துக்குப் புதிய லேப்டாப் என்றால் சுமாரானதுதான் கிடைக்கும். அதே பணத்தில் ஏதோ ஒரு நிறுவனம் பயன்படுத்திவிட்டுக் கழித்த நல்ல மெஷின் கிடைக்கும் என்பதால் ரீஃபர்பிஷ்டு வாங்குவதென்று பேசி முடித்தோம். தேடிப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இன்டெல் பிராசசரில் 7-ஆம் தலைமுறையையும் அதற்கு முந்தையதையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஓரிரு விதிவிலக்கைத் தவிர்த்தால், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். விலை குறைவாகப் போட்டிருக்கும் பல மெஷின்கள் இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடும்.

கடைசியில் நின்றவை இரண்டு: லெனோவோ திங்க்பேட் டி480, எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை (இது லேப்டாப் மாடலின் தலைமுறை, பிராசசர் 8-ஆம் தலைமுறைதான்). இரண்டும் 2018 மாடல். இரண்டிலும் ஐ5-8350யு பிராசசர், 14 அங்குலத் திரை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவளுக்கு எக்ஸ்1 மேல்தான் கண். "மாமா, இது எவ்வளவு ஒல்லியா இருக்கு பாருங்க!" என்றாள். உண்மைதான். 1.13 கிலோதான் எடை. டி480 ஒன்றரைக் கிலோவைத் தாண்டும், தடிமனும் கூட. தினமும் தோளில் சுமக்கப்போகிறவள் அவள், அந்த அரைக் கிலோவை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் கதை வேறு. டி480-இல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். நாங்கள் பார்த்ததில் ஒன்றில் 8 ஜிபி ஸ்டிக் இருந்தது, மற்றது காலி. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக்கை அழுத்தி மாட்டினால் 16 ஆகிவிடும். இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் (இரட்டைச் சேனல்) என்பதால், உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கும் கொஞ்சம் வேகம் கூடும். எக்ஸ்1-இல் ரேம் போர்டிலேயே சாலிடர் ஆகியிருக்கிறது. 8 வாங்கினால் கடைசிவரை 8தான். பெரிய டேட்டாவை ஆரில் ஏற்றினால் அது முழுக்க ரேமில்தான் போய் உட்காரும். அவள் படிப்புக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது பேட்டரி. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி விற்பவரிடம் கேட்டேன். இதை யாரும் கேட்கலாம், தயங்கவே கூடாது. எக்ஸ்1-இன் ரிப்போர்ட்டில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் பிடித்தது) 57 வாட் ஹவர், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது பிடிப்பது) 35 என்று வந்தது. ஐந்தில் மூன்று பங்குதான் மிச்சம். டி480-இன் பின் பேட்டரியும் தேய்ந்துதான் இருந்தது, ஆனால் அதை வெளியிலிருந்தே தாழை நகர்த்திக் கழற்றிவிடலாம். உள்ளே 24 வாட் ஹவரில் இன்னொரு பேட்டரி இருப்பதால், மெஷினை அணைக்காமலே பின்னால் உள்ளதை மாற்றலாம். 14 அங்குல டி வரிசையில் இந்த வசதி இதோடு முடிந்துபோனது. அடுத்து வந்த டி490-இல் கிடையாது. எக்ஸ்1 பேட்டரியையும் மாற்ற முடியாது என்றில்லை, மூடியைத் திறந்து ஸ்க்ரூ கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் அடிப்படை அமைப்புப் பகுதி) போய், அதைப் பூட்டிவைக்கும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். திங்க்பேட்டில் அது தெரியாவிட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். நிறுவனங்கள் கழித்த மெஷின் என்றால் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். யுஎஸ்பி-சி வழியே ஓடும் அதிவேக இணைப்பான தண்டர்போல்ட்டின் ஃபர்ம்வேரும் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) முக்கியம். அந்தக் காலத்துத் திங்க்பேட்களில் யுஎஸ்பி-சி போர்ட் செயலிழக்கும் சிக்கல் இருந்து, லெனோவோ அதற்கு அப்டேட் வெளியிட்டது. வாங்கிய கையோடு போட்டுவிட வேண்டியது அது.

டி480-ஐத்தான் வாங்கினோம். எடையைச் சொல்லி அவள் கொஞ்சம் முகம் சுளித்தாள்; காலி ஸ்லாட்டைக் காட்டி விளக்கியதும், "சரி மாமா, ரேமை நானே மாட்டுறேன்" என்றாள். மூடியைத் திறக்கும் முன் பயாஸில் உள் பேட்டரியை அணைக்கச் சொன்னேன். ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினாள். இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பிடித்துக்கொண்டன.

திரை ஒன்றுதான் இன்னும் குறை. முழு எச்டிதான், ஆனால் வெளிச்சம் போதவில்லை, நிறமும் மங்கல். எக்ஸ்1 திரை இதைவிட எவ்வளவோ மேல், மறுக்கவே முடியாது. டி480-க்கு 30 பின் இணைப்புள்ள நல்ல ஐபிஎஸ் பேனல் (நிறம் நன்றாகத் தெரியும் திரை வகை) தனியாகக் கிடைக்கிறது. செமஸ்டர் தேர்வு முடியட்டும், மாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.