மாவுக்கடை நாட்குறிப்பு: அரிசி விலை ஏறிய மாதங்கள்

22 ஜூலை 2023, சனிக்கிழமை

பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு நேற்று முன்தினம் தடை விதித்துவிட்டது. புழுங்கல் அரிசிக்கு அந்தத் தடை இல்லை என்று தெரிந்திருந்தும், இன்று காலை இங்கே சிங்கப்பூரின் தேக்காவில் எந்தக் கடையில் நுழைந்தாலும் மூட்டை கணக்கில் வாங்குகிறவர்களைத்தான் பார்த்தேன். நான் அரைக்கும் இட்லி மாவில் நாலு பங்கு புழுங்கலுக்கு ஒரு பங்கு உளுந்து. பச்சரிசி தோசை மாவில் மட்டும் கொஞ்சம் சேரும். ஆகையால் எனக்கு நேரடிப் பாதிப்பு குறைவுதான். ஆனால் பதற்றத்துக்குப் பச்சை, புழுங்கல் என்ற பேதம் தெரிவதில்லை. மொத்த வியாபாரி இம்முறை பழைய விலைக்கே கொடுத்துவிட்டு, அடுத்த கப்பலுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

28 ஆகஸ்ட் 2023, திங்கட்கிழமை

வெள்ளிக்கிழமை முதல் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. வெள்ளை அரிசி கிடைக்காத நாடுகள் புழுங்கலுக்குத் தாவியதன் விளைவு இது.

தாய்லாந்துப் புழுங்கல் அரிசியை வாங்கி அரைத்துப் பார்த்தோம். மாவு நன்றாகவே பொங்கியது, இட்லியும் சூடாக இருக்கும்வரை மிருதுவாகவே இருந்தது, ஆறியதும் இறுகிவிட்டது. அவித்த கையோடு தட்டில் வைக்கும் வீடுகளுக்கு அது ஒப்பேறும். விடியற்காலையில் அவித்து, நண்பகலில் வேலையிடத்தில் டப்பாவைத் திறப்பவர்களுக்கு ஒப்பேறாது. என்னிடம் வாங்குவோரில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர் என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டேன். தோசை மாவில் மட்டும் இந்தியப் பச்சரிசிக்குப் பதிலாகத் தாய்லாந்து வெள்ளை அரிசியைச் சேர்க்கிறோம். முறுகல் கூடியிருக்கிறது என்கிறாள் மனைவி. எனக்கு வேறுபாடே தெரியவில்லை.

2 செப்டம்பர் 2023, சனிக்கிழமை

சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் தர்மன் வென்ற செய்தியைத் தவிர இன்று கடையில் வேறு பேச்சில்லை. சிங்கப்பூருக்கு 50,000 டன் வெள்ளை அரிசி அனுப்ப இந்தியா இசைந்திருப்பதும் நல்ல செய்திதான். புழுங்கலுக்கான வரி அப்படியே நிற்கிறது.

19 நவம்பர் 2023, ஞாயிற்றுக்கிழமை

தீபாவளி விற்பனை முடியும்வரை தள்ளிவைத்திருந்த முடிவை இந்த வாரம் எடுத்தேன். விலையைத் தொடாமல் ஒரு கிலோ பொட்டலத்தைத் தொள்ளாயிரம் கிராமாக்கிவிடலாம் என்று பலரும் யோசனை சொன்னார்கள். வாரந்தோறும் அதே தட்டில், அதே கரண்டியால் மாவு ஊற்றுகிறவர்களுக்குக் கடைசி ஈட்டில் குழிகள் காலியாக நிற்பது அன்றைக்கே தெரிந்துவிடும். எடையைக் குறைக்காமல் முப்பது காசு ஏற்றி, அரிசி வரியைக் காரணமாக எழுதிக் கல்லாவில் ஒட்டினேன். சிலர் முணுமுணுத்தார்கள், வாங்காமல் திரும்பியவர்கள் குறைவு.

கடினமாக இருந்தது உணவகங்களோடு பேசியதுதான். அரிசிக்கு நான் ரொக்கம் கொடுக்க, அவர்கள் இரண்டு மாதம் கழித்துப் பணம் தருவது பழைய விலையில் தாங்கக்கூடியதாக இருந்தது. இனி வாரக் கணக்குதான் என்றேன். ஓர் உணவகம் ஏற்றுக்கொண்டது, இன்னொன்று வேறிடம் போய்விட்டது. அதனால் மாலை வேளைகளில் சும்மா கிடக்கும் கிரைண்டரில் கேழ்வரகு மாவும் கம்பு மாவும் அரைக்கத் தொடங்கியிருக்கிறோம். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது எனக்காகத்தான் என்று கிண்டல் செய்கிறான் மகன்.

9 டிசம்பர் 2023, சனிக்கிழமை

நேற்று முதல் வெங்காய ஏற்றுமதிக்கும் தடை. வெங்காயச் சட்னியை நிறுத்திவிட்டுப் புதினாச் சட்னியும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் வைக்கிறேன். இதற்கு யோசிக்க ஒன்றுமில்லை.

3 ஜனவரி 2024, புதன்கிழமை

பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆகியிருக்கிறது. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டினால்தான் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்பதால் என் கடை பதிவு செய்யப்படவில்லை. அதனால் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வசூலிக்க முடியாது. உளுந்துக்கும் மின்சாரத்துக்கும் பொட்டலப் பைக்கும் நான் கட்டுவதைத் திரும்பப் பெறவும் முடியாது. நவம்பரில் ஏற்றிய விலையை அதற்குள் மறுபடியும் ஏற்ற மனம் வரவில்லை. ஜூரோங்கிற்கு வாரம் இருமுறை கொண்டுபோய்க் கொடுத்ததை ஒருமுறையாக்கினால் ஓரளவு ஈடுகட்டலாம்.

விலகிப்போன உணவகத்திலிருந்து இன்று தொலைபேசியில் அழைத்தார்கள். வாரக் கணக்கு என்பதில் மாற்றமில்லை என்றேன். பொங்கலுக்குப் பிறகு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.