மலையக நீர்த்தேக்கத்தில் பாய்ப்படகு: டில்லரா, சக்கரமா?

காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களில் காற்றை நம்ப முடியாது. மலை இடுக்கால் இறங்கும், தேயிலைச் சரிவில் மோதித் திரும்பும், திடீரென்று அடங்கிவிடும். இந்தத் தண்ணீரில் 25 அடிக்கு உட்பட்ட பாய்ப்படகின் சுக்கானைத் திருப்பச் சக்கரம் பூட்டுவது வீண் செலவு, டில்லரே போதும்.

டில்லர் என்பது சுக்கானின் தலையில் நேரே மாட்டிய கட்டை. இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். வாகனம் ஓட்டிப் பழகிய கைக்கு முதலில் குழப்பம்தான். சக்கரத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுக்கானைத் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்று டில்லர் உடனே கைக்குச் சொல்லிவிடும். காற்று ஏறிப் படகு சாய்ந்தால் முகப்பு தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதை நேரே வைத்திருக்க டில்லரைக் காற்று வரும் பக்கம் இழுக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து 3 முதல் 5 பாகை வரை இழுப்பது நல்லது. 1 மீற்றர் டில்லரில் 5 பாகை என்றால் நுனி ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் நகரும். அதற்கு மேல் போகப் போக சுக்கான் பிரேக் போலப் படகை இழுத்துப் பிடிக்கும். அப்போது டில்லரோடு மல்லுக்கட்டாமல் பெரிய பாயின் கயிற்றைக் கொஞ்சம் இளக்கிவிடுங்கள்.

மின் உற்பத்திக்குத் தண்ணீர் போகப் போக நீர்மட்டமும் இறங்கும். மவுசாக்கலையில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டுத் தலங்கள் வெளியே தெரிகிற காலத்தில், தண்ணீருக்குச் சற்றுக் கீழே எது இருக்கும் என்று சொல்ல முடியாது. பின்பலகையில் தொங்கும், மடக்கித் தூக்கக்கூடிய சுக்கான்தான் அங்கே சரி. அதற்கு டில்லரே எளிதில் பொருந்தும்.

டில்லர் கெடுவது பெரும்பாலும் போல்ட் துளையில். மழையும் பனிமூட்டமும் அந்த வழியாக மரத்துக்குள் இறங்கும். மரம் உளுத்து, துளை நீள்வட்டமாகி, டில்லர் ஆடத் தொடங்கும். நன்றாகக் காயவைத்து, துளையைப் பெரிதாக்கி எபொக்சி நிரப்பி, இறுகிய பிறகு போல்ட் அளவுக்கு மறுபடி துளையுங்கள். வெறும் வார்னிஷ் பூச்சு ஏமாற்று வேலை.

சக்கரம் 35 அடிப் படகுக்குப் பொருந்தும். அத்தனை பெரிய சுக்கானை நேரடியாகத் தள்ளினால் கை ஓய்ந்துவிடும். திருகோணமலைக் கடலில் அதற்கு வேலை உண்டு. ஆனால் சக்கரத்துக்குப் பின்னால் சங்கிலி, கம்பிவடம், கப்பிகள், சுக்கான் தண்டில் பூட்டிய கால்வட்டத் தகடு என்று ஒரு வரிசையே இருக்கிறது. வடம் தளர்ந்தால் கப்பியிலிருந்து கழன்றுவிடும். அளவுக்கு மேல் இறுக்கினால் கப்பி தேயும், கைக்கு உணர்வும் போய்விடும். இறுக்கும்போது இரு பக்கத் திருகுகளையும் சமமாகத் திருகுங்கள். அறுந்த இழை இருக்கிறதா என்று பார்க்க வெறும் கையால் தடவ வேண்டாம். ரிசுத்தாளைச் சுற்றி இழுத்தால் இழை அதில் மாட்டும். ஒரு இழை மாட்டினாலும் வடத்தை மாற்ற வேண்டியதுதான்.

சக்கரம் உள்ள படகிலும் அவசர டில்லர் ஒன்று இருக்க வேண்டும். அது சுக்கான் தண்டின் தலையில் சரியாக உட்காருகிறதா, முழுதாகத் திருப்ப இடம் இருக்கிறதா என்று கரையில் கட்டியிருக்கும்போதே மாட்டிப் பாருங்கள். பல படகுகளில் அது சக்கரத்திலேயே இடிக்கும்.