மஞ்சள் தண்ணீரும் தீர்த்தத் தொட்டியும்

யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் முதலில் பேர் கேட்க மாட்டார்கள். "நீர் ஆற்ற பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். ஆற்ற என்றால் யாருடைய. தகப்பன் பேரைச் சொன்னால் அதோடு முடியாது. தாய் எந்த ஊர், பேரன், அதாவது தாத்தா, என்ன செய்தவர், றோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கயிறு நீண்டுகொண்டே போகும். பெரும்பாலும் தேடுவது சாதியைத்தான். அதை வாயால் உச்சரிக்காமலே அறிந்துகொள்வதில் எங்கள் ஊராட்களை மிஞ்ச ஆளில்லை. வேதக்காரரும், அதுதான் கிறிஸ்தவர்களும், இதில் சைவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்து வாங்கு (பெஞ்சு) பிரித்து இருந்த காலம் ஒன்று இங்கே இருந்தது.

எனக்கு இந்தக் கேள்வி சின்ன வயதிலிருந்தே பயம். நான் எடுத்து வளர்த்த பிள்ளை.

அம்மா தவறி ஒரு வருடம் ஆகிவிட்டது. அவ சில்லாலைக்காரி, கத்தோலிக்கம். ஐயா வட்டுக்கோட்டை, அமெரிக்க மிஷன் புரட்டஸ்தாந்து ஆட்கள். சில்லாலைக் கோயிலில் சனிக்கிழமை பின்னேரம் அம்மாவுக்கு நினைவுப் பூசை ஒப்புக்கொடுத்திருந்தேன். மனைவிக்கு அன்று வேலை. சரி என்று மகளை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு சாப்பிட்ட கையோடு குருநகரிலிருந்து புறப்பட்டேன். பூசை ஐந்தரைக்கு. இடையில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்கு. மகளுக்குப் பதினொரு வயது. வெயிலைப் பற்றி முறைப்பாடு சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலில் நவாலி. ஆனைக்கோட்டை தாண்டித் திரும்பினால் கிட்டத்தான். சென் பீற்றர்ஸ் கோயில் வாசலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினோம். 1995 ஜூலை 9. சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சனம் இந்தக் கோயிலிலும் சுற்றிவர உள்ள வளவுகளிலும் தங்கியிருந்தபோது விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சைவர்களும் வேதக்காரரும் கலந்துதான் இருந்தார்கள். ஓடிவந்தவர்களை அந்த வாசலில் மறித்து ஆற்ற பிள்ளை என்று யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். மகள் ஏன் இங்கே நிற்கிறோம் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு வட்டுக்கோட்டை போகும்வரை அவள் வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

வட்டுக்கோட்டைக் கோயிலின் சுவரைப் பார்த்தவர்களுக்கு அதன் வயது தெரியும். பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், காலத்துக் கோயில். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்துத் தங்கள் சபைக்கு ஆக்கிக்கொண்டார்கள். பிறகு கூரையில்லாமல் கிடந்ததை 1816-இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் எடுத்துத் திருத்தினார்கள். 1823-இல் அவர்கள் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியும் இந்தச் சூழலில்தான். இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் கோயில். உள்ளே போனால் மத்தியானத்திலும் குளிர்ச்சி. மகள் வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. ஐயா இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

ஐயா என்னை ஒருநாள் இதே இடத்தில் இருத்தி வைத்து இரண்டு கதை சொன்னார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் இடாப்பு எழுதிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர், நான் தகப்பன் பேர் சொன்னதும் பேனையை நிறுத்திவிட்டு, "சொந்தத் தகப்பன்ர பேரைச் சொல்லு" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கிடந்தேன். ஐயா ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்தார்.

முதல் கதை பேர்களைப் பற்றியது. அந்தக் காலத்து மிஷன் விடுதிப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்குச் செலவுக்காசு அமெரிக்காவிலிருந்து வரும். காசு அனுப்புகிறவர் தனக்குப் பிடித்த ஒரு பேரையும் சேர்த்து அனுப்புவார். சதாசிவம்பிள்ளை ஆர்ணல்ட் ஆனதும், விசுவநாதபிள்ளை கறல் ஆனதும் அப்படித்தான். பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் தகப்பன் வைரவநாதருக்கு சைரஸ் கிங்ஸ்பெரி என்று பேர். மகன் சைவத்துக்குத் திரும்பினார். அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, தாத்தாவின் பேரையே எடுத்துப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆனார். ஐயாவின் பூட்டனுக்கும் ஓர் அமெரிக்கப் பேர் இருந்ததாம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதைச் சரியாகச் சொல்ல வராது.

"கண்ணாலயும் காணாத ஒருத்தன் கப்பலில பேர் அனுப்பினான். அதை வைச்சுக்கொண்டு உவையள் படிச்சு, பத்திரிகை நடத்தி, புத்தகம் எழுதி, பெரிய மனிசராய் இருந்தவை," என்றார் ஐயா. "பேர் ஆர் தந்தது எண்டு பாத்தா ஒருத்தரும் மிஞ்சமாட்டினம்."

பன்னிரண்டு வயதில் எனக்கு அது பெரிய ஆறுதலாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது கதைதான் பிடித்தது.

ஐயா காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசின் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். தேசவழமை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தத் திசாவை (மாகாண அதிகாரி) ஒருவர் எழுத்தில் தொகுக்க, ஊர்த் தலைவர்களான 12 முதலிமார் சரிபார்க்க, 1707-இல் சட்டமான புத்தகம் அது. அதில் சுவீகாரத்துக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளையை எடுக்கிறவர்கள் மஞ்சள் தண்ணீர் குடிக்க வேண்டும். அவர்களுடைய சொத்து நாளைக்கு யாருக்கு வரவேண்டுமோ அந்த உரித்துக்காரர், அதுதான் சகோதரம், சகோதரத்தின் பிள்ளைகள், அந்தத் தண்ணீரில் விரலைத் தோய்ப்பார்கள். விரல் தோய்த்தால் சம்மதம். அதோடு அந்தச் சொத்து எடுத்த பிள்ளைக்கு. தோய்க்காமல் நின்றவருக்குத் தன் பங்கில் உரிமை அப்படியே இருக்கும். பிள்ளைக்குப் பெற்றவர்களின் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, அதன்பிறகு இல்லை. எடுத்தவர்களின் முதுசம்தான் முதுசம்.

"நீங்களும் குடிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"அந்த வழக்கம் எப்பவோ போட்டுது. உன்னைக் கோட்டிலதான் எடுத்தனாங்கள். வெளியில வந்து நானும் அம்மாவும் தேத்தண்ணிதான் குடிச்சம்."

பிறகு வேதப்புத்தகத்தை எடுத்து ரோமர் எட்டாம் அதிகாரத்தை விரித்தார். "அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்." சுவிகாரம் என்ற சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு. இரண்டு வசனம் தள்ளி, "நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே." இந்தச் சுதந்தரம் விடுதலை இல்லை, முதுசம், கந்தோரில் உறுதி எழுதுகிற அதே விஷயம் என்றார். பவுல் கிரேக்கத்தில் கடிதம் எழுதினாலும் இயேசு கூப்பிட்ட அரமேயச் சொல்லை மட்டும் மாற்றாமல் 'அப்பா' என்றே விட்டுவிட்டாராம். மற்றப் பாஷைக்காரர் அதற்கு அடிக்குறிப்புப் போட வேண்டும், எங்களுக்கு வேண்டாம் என்பதில் ஐயாவுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் வீட்டில் தகப்பனை ஐயா என்றுதான் கூப்பிடுவது. அதனால் அப்பா என்ற சொல் எனக்கு அந்த நாளிலிருந்து ஜெபத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. மகள் பிறந்து என்னை அப்படிக் கூப்பிடத் தொடங்கியபோது முதல் சில நாள் வேறு யாரையோ கூப்பிடுகிறாள் போல இருந்தது.

இந்த வசனங்களை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நாம் எல்லாரும் தேவனுடைய பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுப் பிரசங்கியார் இறங்கிப் போவார். வாசலில் நிற்கிற இருவர் கலியாணப் பேச்சில் பகுதி விசாரித்துக்கொண்டிருப்பார்கள். யோவான் எழுதியது இதைவிடக் கடுமை. "இரத்தத்தினாலாவது மாம்ச சித்தத்தினாலாவது புருஷனுடைய சித்தத்தினாலாவது பிறவாமல்" என்று, நாங்கள் ஆற்ற பிள்ளை என்று கேட்டுப் பிடிக்கிற கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டுத்தான் தேவனாலே பிறந்தவர்கள் என்கிறார். அப்படிப் பார்த்தால் அவருடைய வீட்டில் எல்லாருமே எடுத்து வளர்த்த பிள்ளைகள்தான். சொந்தப் பிள்ளை ஒருவர்தான். அவர் முதுசத்தைப் பங்குபோடச் சம்மதித்தவர். விரல் மட்டும் தோய்க்கவில்லை, யோர்தானில் முழுதாகவே இறங்கினார். இது என்னுடைய யோசனை. ஐயாவிடம் சொல்லிப் பார்க்க ஆள் இல்லை.

மகளை எழுப்பி, சங்கானைச் சந்தியில் குளிரான சோடா ஒன்று வாங்கிக் கொடுத்து, பண்டத்தரிப்பு வழியாகச் சில்லாலைக்கு வந்தபோது நாலரை தாண்டிவிட்டது.

சில்லாலை என்றால் ஜோசப் வாஸ் சுவாமியார். 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை உள்ளே விடுவதில்லை. கோவையிலிருந்து இல்லை, கோவாவிலிருந்து (எங்கள் ஊரில் பாதிப்பேர் மாற்றிச் சொல்வார்கள்) 1687-இல் கூலியாள் போல வேஷம் போட்டு வந்து சேர்ந்தார். வந்தவருக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. கத்தோலிக்கர் யார் என்று கேட்டால் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தார். அப்படித் தேடிப் பிடித்த சனத்தோடு சில்லாலையில் மறைந்திருந்து பூசை வைத்தார். 2015 ஜனவரி 14-ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் முழந்தாளில் நின்றா. ஆற்ற பிள்ளை என்று வாய் திறந்து கேட்காமலே யாழ்ப்பாணத்தில் ஆட்களை இனங்கண்ட ஒரே மனிசன் அவராகத்தான் இருக்கும்.

கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி. நான் விரலைத் தோய்த்து நெற்றியில் சிலுவை போட்டுத் திரும்பினால், மகள் இரண்டு கையையும் உள்ளே விட்டு அள்ளி முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள். கழுத்துக்கும் பூசினாள். "அப்பா, நல்ல குளிர்!" என்றாள், கோயில் முழுக்கக் கேட்க. முன்வாங்கில் இருந்த இரண்டு மூன்று தலைகள் திரும்பின. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பூசையில் சுவாமி அம்மாவின் பேரைச் சொன்னார். மன்றாட்டுகளுக்கு நடுவில் ஒரே ஒரு தரம். அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

முடிந்து வெளியே வரும்போது வெள்ளைச் சேலை கட்டிய ஓர் ஆச்சி மகளின் நாடியைப் பிடித்து நிறுத்தினா.

"பிள்ளை, நீ ஆற்ற பிள்ளை?"

"அப்பாட," என்று என்னைக் காட்டினாள்.

"அப்பர் ஆற்ற பிள்ளை?"

நாற்பது வயதிலும் வயிற்றுக்குள் அந்தப் பழைய இறுக்கம் வந்தது. அம்மாவின் பேரைச் சொன்னேன். ஆச்சி கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தா. அவவுக்குப் பிள்ளை இல்லையே என்று சொல்லப் போகிறா என்று காத்திருந்தேன்.

"நீயோ அது! உனக்கு ஞானஸ்நானத் தண்ணி வார்க்கேக்க நானும் நிண்டனான். நீ போட்ட சத்தம் றோட்டுக்குக் கேட்டது. சுவாமியே பயந்துபோனார்." சிரித்தா. மேல்பல் இரண்டுதான். "உன்ர பெரிய மாமன் வரவே மாட்டன் எண்டு நிண்டவன். அவனுக்குக் காணிக் கவலை. பேந்து பாத்தா, உதில, உந்தத் தொட்டியடியில வந்து நிண்டான். உள்ளுக்கை வரேல்லை. தொட்டிக்கை கையை வைச்சபடி முடியுமட்டும் நிண்டான்."

பெரிய மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வருவது அருமை. செத்தும் பல வருடம். இந்தக் கதையை ஐயாவும் சொன்னதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. அவர்களுக்கும் தெரியாதோ என்னவோ. அவர்கள் அப்போது முன்னால், முதுகு காட்டி நின்றிருப்பார்கள்.

ஆச்சிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். கோயில் பார்க்கிற அண்ணை வாளியும் கையுமாக வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் கிடந்தது.

"காலமைதானே நிரப்பினது. ஆற்ற வேலை இது?"

"என்ர பிள்ளைதான்," என்று சொல்லி வாளிக்குக் கை கொடுத்தேன்.