எலும்போரத்து வெண்மை

பிரசவமாகிப் பத்து நாளான ஓர் இளம்பெண் தலைவலி என்று இரவில் வந்தபோது, அவருடைய சிடி படங்களில் இரத்தக்கசிவோ கட்டியோ இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை, மறுநாள் மாலை அவருக்கு வலிப்பு கண்டதும் என்னிடமே திரும்பி வந்தது. அதே படங்களை மீண்டும் திறந்தேன். மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் பெருஞ்சிரைகளான சைனஸ்களுள் வலப்பக்கக் குறுக்குச் சைனஸ், மண்டையோட்டை ஒட்டி, அளவுக்கு மீறிய வெண்மையுடன் கிடந்தது. முந்தைய இரவு அதை எலும்பின் ஓரம் என்று எண்ணிக் கடந்திருக்கிறேன்.

பக்கவாதம் என்றாலே தமனியைத் தேடப் பழகிய கண் அது. உள்ளே இரத்தம் உறைந்து சிரை அடைபட்டால், இரத்தம் வடிய வழியின்றி அழுத்தம் ஏறி, மூளை வீங்கி, சில வேளை கசியவும் செய்யும். அதற்கு முன் பல நாள் வெறும் தலைவலியாகவே இருக்கலாம். புதிய உறைகட்டியில் ஹீமோகுளோபின் செறிந்திருப்பதால் அது வெண்மையாகத் தெரியும் என்றாலும், சாதாரண சிடியில் இந்த நேரடி அடையாளம் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே கிடைக்கிறது. நாள் செல்லச்செல்ல அந்த வெண்மையும் மங்கிவிடும்.

ஆகவே அன்று மாலையே சிடி வெனோகிராம் எடுத்தோம். கைச் சிரையில் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, சிரைகள் நிறையும்வரை ஏறத்தாழ 45 விநாடி பொறுத்து எடுத்த படங்களில், வெண்மையாக நிரம்பியிருக்க வேண்டிய குழாய்க்குள் உறைகட்டி கருமையாக நின்றது. அருகே சிறு கசிவும் ஏற்பட்டிருந்தது. "ரத்தம் கசியும்போது ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடலாமா, டாக்டர்?" என்று கணவர் கேட்டது நியாயமான கேள்விதான்; கசிவுக்குக் காரணமே அடைப்பு என்பதால் ஹெப்பாரினை நிறுத்தி வைப்பதில்லை என்று நரம்பியல் மருத்துவர் அவருக்கு விளக்கினார்.

அதன்பின் சில மாதங்கள் எனக்கு எல்லாச் சைனஸும் அடைபட்டவையாகவே தோன்றின. நீர்ச்சத்து வற்றிய ஒருவரின் சைனஸை உறைகட்டி என்று எழுதவிருந்த நேரத்தில், தமனிகளும் அதே அளவு வெண்மையாக இருந்ததைக் கவனித்துக் கையை இழுத்துக்கொண்டேன். சிடியில் வெண்மையை அளக்கும் எண்ணான ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு 70-ஐத் தாண்டினால் சந்தேகிக்கலாம் என்பார்கள். ஆனால் இரத்தம் கெட்டியானவருக்கு அந்த எண் இயல்பாகவே உயரும், சோகை உள்ளவருக்கோ அதற்குக் கீழேயும் உறைகட்டி ஒளிந்திருக்கும். ஹிமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம், தெரியாமல் அந்த எண்ணை நான் இப்போது நம்புவதில்லை. இடப்பக்கக் குறுக்குச் சைனஸ் பலருக்குப் பிறவியிலேயே சிறுத்திருப்பதால், அடைப்பா பிறவி அமைப்பா என்று பிரித்தறிய அந்தப் பக்கத்துக் கழுத்துச் சிரை இறங்கும் எலும்புத் துளையும் குறுகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.

கோரிக்கைச் சீட்டில் இன்றும் பெரும்பாலும் 'தலைவலி' என்ற ஒரே சொல்தான் வருகிறது. இந்த அடைப்புக்கு வழிவகுக்கும் பிரசவமா, கருத்தடை மாத்திரையா, காதில் சீழா என்று வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டால் "விசாரித்துச் சொல்கிறோம்" என்பார்கள். அந்தப் பதில் வரும்வரை சைனஸ்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருப்பேன்.