போனில் ஸ்டாக்ஃபிஷ்: முதல் நிமிட வேகத்தை நம்பாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் செஸ் பழகும் பிள்ளைகளின் வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி: ஆட்டத்தை ஆராயும் செஸ் இன்ஜினான ஸ்டாக்ஃபிஷ் போனிலேயே ஓடுகிறதே, தனியாக டெஸ்க்டாப் எதற்கு? அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் அளக்கும் விதமே தப்பு.

ஸ்டாக்ஃபிஷ்ஷில் 'பென்ச்' என்று ஒரு கட்டளை உண்டு. 16 எம்பி ஹாஷ் (பார்த்த நிலைகளைக் குறித்து வைக்கும் நினைவகம்), ஒரே த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை), 13 ஆழம் (எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்ப்பது) என்ற அளவில் குறிப்பிட்ட சில நிலைகளை ஆராய்ந்து, மொத்தம் பார்த்த நோடுகளையும் (தேடலில் எட்டிய நிலைகள்) நொடிக்கு எத்தனை என்பதையும் சொல்லும். போன், டெஸ்க்டாப் இரண்டிலும் மொத்த நோடு எண்ணிக்கை அச்சு அசலாக ஒன்றாக வர வேண்டும். வரவில்லையா, இரண்டும் வேறு வெர்ஷன்; மேற்கொண்டு ஒப்பிடுவது வீண். ஒரே த்ரெட்டில்தான் இந்தச் சோதனை செல்லும். த்ரெட் கூடினால் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் மாறும்.

இந்தச் சோதனை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதற்குள் போன் சூடாவதே இல்லை. ஆகவே ஒரே நிலையை இரண்டிலும் கொடுத்து 15 நிமிடம் ஓட விடுங்கள். நடு ஆட்ட நிலையாக இருக்கட்டும். காய் குறைந்த இறுதி ஆட்டத்தில் வேகம் தானாகவே கூடிக் காட்டும்.

இங்கே இன்னொரு பொறி. திரையில் தெரியும் வேகம் அந்த நொடியின் வேகம் அல்ல, தொடக்கத்திலிருந்து எடுத்த சராசரி. போன் பாதியாகப் படுத்துவிட்டாலும் சராசரி மெதுவாகத்தான் இறங்கும். 14ஆம் நிமிடத்தில் மொத்த நோடு எவ்வளவு, 15ஆம் நிமிடத்தில் எவ்வளவு என்று குறித்து, கழித்து, 60ஆல் வகுங்கள். அதுதான் போனின் உண்மையான வேகம்.

டெஸ்க்டாப் ப்ராசஸர் 65 வாட் அளவில் மின்சாரம் இழுக்கும், மேலே காற்றாடி வைத்த கூலர் இருக்கும். போனில் காற்றாடி ஏது? சில வாட்டுக்கு மேல் நீண்ட நேரம் தாங்காது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கவரைக் கழற்றுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே ஓட்டாதீர்கள், சார்ஜ் ஏறும் சூடும் சேர்ந்துகொள்ளும். முன்பே ஏற்றி வைத்துக்கொண்டு பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள். மெத்தை, தலையணை மேல் வேண்டாம். வளவு வீட்டின் ஆத்தங்குடிக் கல் தரையில் நிழலான இடமாகப் பார்த்து வைத்தால், கல் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் நீர் கோக்கும்.

எட்டு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ள போன் என்றால் எட்டு த்ரெட் கொடுக்கத் தோன்றும். அதில் பெரும்பாலும் பாதி சிறிய கோர்கள். அவை கூட்டும் வேகம் கொஞ்சம், சூடு மட்டும் மிச்சம். நான்கு த்ரெட்டில் 15 நிமிடம், எட்டில் 15 நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். திரை அணைந்தால் ஆண்ட்ராய்டு வேலையைச் சிறிய கோருக்குத் தள்ளிவிடக்கூடும், திரையை எரிய விடுங்கள். ஹாஷ் 512 எம்பி போதும். அதற்கு மேல் போனால் நினைவகம் போதாமல் ஆப்பையே மூடிவிடும் போன்களும் உண்டு.

டெஸ்க்டாப்பில் நடக்கும் பிழை வேறு. 2020இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12இலிருந்து ஆட்ட நிலையை மதிப்பிடுவது நியூரல் நெட்வொர்க். அதற்கு ஒரே வீச்சில் பல எண்களைக் கையாளும் கட்டளைகள் தேவை. 2013இல் வந்த ஹாஸ்வெல் முதல் இன்டெல்லின் முக்கிய ப்ராசஸர்களில் ஏவிஎக்ஸ்2 என்ற அத்தகைய கட்டளைத் தொகுப்பு இருக்கிறது, 256 பிட் அகலம். போன் ப்ராசஸரில் அதே வேலைக்கு இருக்கும் நியான் 128 பிட். ஏவிஎக்ஸ்2 உள்ள கணினியில் அதைப் பயன்படுத்தாத பொதுவான ஸ்டாக்ஃபிஷ் பதிப்பை இறக்கி ஓட்டுவது மாட்டு வண்டிக்கு குதிரையைப் பூட்டிய கதை. பிறகு, கூலரில் அடைந்த செம்மண் புழுதி. தட்டிவிட்டு அளந்தால் எண் மாறும்.

கோர் 2 டுவோ காலத்து டெஸ்க்டாப்பை இன்றைய நடுத்தர விலை போனே முந்திவிடும். ஆனால் 32 பிட் ஆண்ட்ராய்டு போட்ட மலிவு போனை நம்பாதீர்கள். 64 கட்டப் பலகையை 64 பிட் எண்ணாகவே இன்ஜின் வைத்திருக்கிறது, அங்கே ஒவ்வொரு கணக்கும் இரண்டு வேலை.

வேகம்தான் பலம் என்றும் எண்ண வேண்டாம். 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கணினி டீப் புளூ நொடிக்கு 20 கோடி நிலை பார்த்தது. 2009இல் புவனோஸ் ஐரிஸ் மெர்கோசூர் கோப்பையில் போனில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற இன்ஜின் நொடிக்குப் பார்த்தது 20,000க்கும் குறைவு. பத்துக்கு ஒன்பதரை எடுத்துக் கோப்பையை வென்றது. வெவ்வேறு இன்ஜின்களின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

டோர்னமென்ட் முடிந்த மாலையில் பிள்ளை எங்கே காயை விட்டது என்று பார்க்க, நகர்த்தலுக்கு ஐந்து நொடி கொடுத்தால் போன் தாராளம். ஓப்பனிங் தயாரிக்க ஒரே நிலையை இரவு முழுக்க விட வேண்டும், இரண்டு மூன்று வரிசைகளைச் சேர்த்துக் காட்ட வேண்டும் என்றால் டெஸ்க்டாப்தான், யுபிஎஸ்ஸோடு. இறுதி ஆட்ட நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சிசிஜி அட்டவணையில் ஐந்து காய் வரை சுமார் 1 ஜிபி, போனில் அடங்கும். ஆறு காய்க்கு 150 ஜிபி அளவு வேண்டும், அதற்கு எஸ்எஸ்டி வாங்குங்கள்.